நல்கை: திரும்பக் கேட்காத, ஆனால் கணக்குக் கேட்கும் பணம்

கிராமத்துக்கு இணையம் கொண்டுபோகும் திட்டம் எதுவானாலும் அதன் விண்ணப்பப் படிவத்தில் ‘கிராண்ட்’ என்ற சொல் பத்து இடத்திலாவது வரும். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘மானியம்’ என்று எழுதிவிடுகிறது. சிலர் ‘நன்கொடை’ என்கிறார்கள். செய்தித்தாள்கள் ‘நிதியுதவி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எதைச் சொன்னாலும் பேச்சு ஓடிவிடும், ஆனால் மூன்றும் வெவ்வேறு பணம். எந்தப் பணம் என்று தெரியாமல் வாங்கியவருக்கு, இரண்டாம் தவணை வராமல் நிற்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

கிராண்ட் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழிக்கச் சொல்லி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும் பணம். ஒப்புக்கொண்டபடி வேலை நடந்தால் திருப்பித் தர வேண்டாம். வட்டி கிடையாது, கொடுத்தவருக்கு அந்த வேலையில் பங்கும் கிடையாது. செலவாகாமல் மிஞ்சியதும், சொன்னது ஒன்று செய்தது ஒன்றாகச் செலவழித்ததும் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியவை. இந்தப் பொருளுக்கு ‘நல்கை’ என்பதே பொருத்தமான சொல். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று பார்த்தால் அது விளங்கும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை. பழைய பிரெஞ்சில் ‘கிரான்ட்டேர்’, ‘கிரெயான்ட்டேர்’ என்றால் உறுதி கூறுவது, வாக்குக் கொடுப்பது. அதற்கும் அடியில் இருப்பது ‘கிரெதெரே’ என்ற லத்தீன் வினை: நம்பு. நம்பி ஒப்புக்கொள்வது, ஒப்புதல் தருவது, ஒப்புதலோடு நிலமோ பணமோ தருவது என்று பொருள் படிப்படியாக விரிந்தது. சட்டமன்றத்தில் ‘காவல்துறை மானியக் கோரிக்கை’ என்கிறோமே, அங்கே கிராண்டின் நடுப்படிப் பொருள், அதாவது செலவழிக்க மன்றம் தரும் ஒப்புதல், இன்னும் உயிரோடு இருக்கிறது.

‘கிரெடிட்’டும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். இந்தச் சகோதரச் சொற்கள் அண்மையில் அமெரிக்காவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. 2021-ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டத்தின்படி, அதிவேக இணையம் எட்டாத பகுதிகளுக்காக ‘பீட்’ என்ற திட்டத்தில் 4,245 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பணம் பெறும் நிறுவனம் பொதுவாகத் தன் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். அதோடு, பெறும் தொகையில் 25 சதவீதத்துக்கு வங்கியிடமிருந்து ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’, அதாவது நிறுவனம் தவறினால் நாங்கள் பணம் தருகிறோம் என்ற உறுதிக் கடிதம், வாங்கித் தர வேண்டும் என்றும் விதி இருந்தது. அந்தக் கடிதத்துக்காக அதே அளவு ரொக்கத்தை வங்கியில் முடக்கி வைக்க வேண்டியிருக்கும் என்று சிறிய நிறுவனங்களும் கூட்டுறவுகளும் எதிர்த்தன. 2023 நவம்பரில் விதி தளர்ந்தது. நம்பிக் கொடுக்கும் பணத்தை வாங்க, நம்பலாம் என்று இன்னொருவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்ன கதை அது.

இனி மானியம். வடமொழி ‘மான்ய’ என்றால் மதிப்புக்குரியது. தமிழுக்கு வந்தபோது நிலத்தோடு ஒட்டிக்கொண்டது: முழுதாகவோ பாதியாகவோ வரி நீக்கப்பட்ட நிலம் மானியம். கணக்கர் மானியம், தலையாரி மானியம் என்று ஊர் ஊழியம் செய்தவர்களுக்கு விட்ட நிலங்கள் இருந்தன. ஊழியம் தொடரும் வரை விளைச்சல் அவர்களுடையது. அரபியிலிருந்து வந்த ‘இனாம்’ இதன் அண்ணன் தம்பி முறை. திருச்சி பக்கத்து இனாம்குளத்தூர் போன்ற ஊர்ப்பெயர்களில் இன்னும் நிற்கிறது. பேச்சில் தேய்ந்து ‘சும்மா கிடைப்பது’ ஆகிவிட்டது.

இன்று மானியம் என்றால் சமையல் எரிவாயு, உரம், சொட்டுநீர்ப் பாசனக் குழாய். விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வது. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல்லே உண்டு, சப்சிடி. தகுதி உள்ள எல்லோருக்கும் கிடைக்கும், வருடா வருடம் வரும், வாங்கிய உரத்தை என்ன செய்தாய் என்று யாரும் அறிக்கை கேட்க மாட்டார்கள். கிராண்ட் இதில் எதுவும் இல்லை. போட்டி போட்டு வாங்க வேண்டும், தேதி போட்டு முடியும், அறிக்கை கேட்கும். பல்கலைக்கழக மானியக் குழு என்று தமிழ்நாட்டிலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று இலங்கையிலும் பெயர் நிலைத்துவிட்டதால் குழப்பம் வேரோடிப்போனது. ‘மானியம் வந்திருக்கு’ என்று ஊரில் சொல்லிவிட்டால், பதினெட்டு மாதம் கழித்து அது நிற்கும்போது யாரோ நிறுத்திவிட்டதாகவே மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நின்றுபோவதும் உண்டு. முதியோர், கிராமத்தினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான இணையப் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் அமெரிக்கா 275 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. அந்த நல்கைகளை 2025 மே மாதம் அதே நாட்டு அரசே நிறுத்தியது.

நன்கொடை வேறு திசையில் வழிதவறச் செய்யும். நன்கொடை கொடுத்தவர் ரசீது கேட்பார், அதோடு சரி. அந்த மனநிலையில் நல்கையைக் கையாள்பவர்கள், கணினிக்கு வைத்த தொகையில் நாற்காலி வாங்கிவிட்டு, இரண்டும் மையத்துக்குத்தானே என்பார்கள். ஒப்பந்தத்தில் செலவுத் தலைப்பு என்று ஒன்று உண்டு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வரை தாமாக மாற்றலாம், எவ்வளவுக்கு மேல் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைத்துவிடும். கேட்காமல் மாற்றியதுதான் தணிக்கையில் வெட்டுப்படும்.

தமிழுக்கு இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு என்ற கணக்கைப் பார்க்கலாம். ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அதற்கான கல்வெட்டுத் தொடர்: ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. நோக்கம், அளவு, பொறுப்பாளி எல்லாம் கல்லில் வெட்டிய ஒப்பந்தம். ஆனால் இதை நல்கை என்றும் சொல்ல முடியாது. முதல் அழியாமல் விளைச்சலை மட்டும் செலவழிப்பதால் இது அறக்கட்டளை. நல்கையில் முதலே செலவாகி முடிந்துவிடும், விளக்கு மட்டும் தொடர்ந்து எரிய வேண்டும். இணையத் திட்டங்கள் பாதியில் அணைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நல்கு என்ற வினைக்குக் கொடு, அருள், அன்பு காட்டு என்று பொருள். மேகம் தான் முகந்த நீரைத் திரும்ப நல்காவிட்டால் நெடுங்கடலும் தன் இயல்பில் குன்றும் என்கிறது வான்சிறப்பின் ஏழாம் குறள். இணைய வளர்ச்சி நிதிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. இந்தியாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயிலிருந்து 5 சதவீதத்தை எடுத்துத்தான் 2002 முதல் கிராமத் தொலைத்தொடர்புக்கான நிதி நடக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதன் பெயர் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ ஆனது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை இழுக்கும் பாரத்நெட் இந்த நீரில்தான் ஓடுகிறது.

நல்கு என்ற வினையோடு ‘ஐ’ விகுதி சேர்ந்து நல்கை. ஆய்வு நல்கை, நல்கைக் குழு என்று தமிழ்க் கல்விப்புலத்தில் சில காலமாகப் புழங்குகிறது. இதற்கும் ஒரு குறை உண்டு. நிபந்தனை என்ற வாடையே சொல்லில் இல்லை, புரவலர் மனமிரங்கித் தருவது போல ஒலிக்கும். ஆனாலும் வேறு எந்தப் பணத்துக்கும் வாக்கப்படாத சொல் என்பதால் கலைச்சொல்லாக நன்றாக நிற்கும். (பக்கத்தில் ‘நல்குரவு’ என்று ஒரு சொல் நின்றுகொண்டு வறுமை என்று பொருள் தருகிறது. ஒலி கிட்டத்தட்ட ஒன்று, பொருள் எதிரெதிர். நல்கை விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.)

நல்கையைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே உண்டு. கொடுப்பவர் நல்குநர், வாங்குபவர் நல்கை பெறுநர், பகுதி பகுதியாக வருவது தவணை. வாங்குபவர் தன் பங்காகப் போடும் ‘மேட்சிங்’ என்பதை இணைநிதி என்கிறார்கள். இணைப்பங்கு என்றால் இன்னும் சரி, ஏனென்றால் அது பணமாகவே இருக்க வேண்டியதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் தந்த நல்கையில் 1998-இல் புதுச்சேரி ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, இடமும் தன்னார்வலர்களும் ஊரின் பங்காக வந்தன. வில்லியனூர்தான் நடுமையம். அங்கிருந்து வானொலி அலையில் ஊர்களுக்குத் தகவல் போனது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எடுத்த அலை உயர முன்னறிவிப்பை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையம் எட்டியது. இன்றைய விண்ணப்பம் ஒன்றில் இப்படிப்பட்ட இடத்தையும் உழைப்பையும் சந்தை வாடகை, தினக்கூலி கணக்கில் ரூபாயாக மாற்றி எழுதலாம். பலர் எழுதுவதில்லை.

ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு, தொடர்ந்து வரும் நடப்புச் செலவு என்ற பிரிவை ஒரு கம்பியில்லா இணைப்பை வைத்துப் பார்த்தால்தான் புரியும். 10 கிலோமீட்டர் தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இந்த அலைவரிசையை வெளிப்புறத்தில் பயன்படுத்த இந்தியாவில் 2018 முதல் உரிமம் வேண்டாம். (இணையச் சேவை விற்க உரிமம் வேண்டும், அது தனி.) இரு முனைக்கும் நடுவே, தடைகளுக்கு மேல் ஏறத்தாழ 7 மீட்டர் வெளி வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். பாதி வழியில் 20 மீட்டர் தென்னந்தோப்பு இருந்தால் இரு முனையிலும் 30 மீட்டர் கோபுரம் இல்லாமல் வேலை ஆகாது. மொட்டைமாடியில் நடும் 6 மீட்டர் குழாய்க்குக் கணக்குப் போட்டு விண்ணப்பித்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ரேடியோப் பெட்டியின் விலை சின்னது. அடித்தளம், இழுகம்பி, இடிதாங்கி, நிலத்தொடர்புக் குழி ஆகியவைதான் பணத்தைத் தின்னும். நேரில் போய்த் தூரமும் உயரமும் அளக்காமல் தொகை எழுதக்கூடாது.

அடுத்தது மின்கலம். ரேடியோ, ரூட்டர், ஸ்விட்ச் சேர்ந்து 30 வாட் என்றால், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தைப் பாதி மட்டும் காலியாக்கி ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். தகரக் கூரைக்கடியில் வைத்தால், வெப்பம் 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஒன்றரை ஆண்டு நல்கை முடிந்து, பொறுப்பாளர் வேறு வேலைக்குப் போன பிறகுதான் அது சாகும். வாலைவடிநீர் ஊற்றுவது யார், அடுத்த மின்கலத்துக்கு மாதம் எவ்வளவு எடுத்துவைப்பது என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும். இணைய இணைப்புக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, டாலரில் ஒப்புக்கொண்டு ரூபாயில் செலவழிக்கும்போது வரும் மாற்று வேறுபாடு இரண்டையும் விட்டுவிடுவது வழக்கமான தவறுகள்.

கணக்குச் சொற்களில் முக்கியமானது பயன்பாட்டுச் சான்றிதழ்: பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்று எழுதித் தருவது. அலுவலகப் பேச்சில் இதை ‘யு.சி.’ என்பார்கள். மத்திய அரசு நல்கைகளுக்கு 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும். நல்கைப் பணம் வங்கியில் ஈட்டிய வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும். அந்த வட்டியில் ஒரு பிரிண்டர் வாங்கினால்கூட அது ஆட்சேபணைதான்.

‘டிஜிட்டல் இன்குளூஷன்’ மொழிபெயர்ப்பில் இன்னொரு வழுக்கல். ‘டிஜிட்டல் உள்ளடக்கம்’ என்று எழுதுகிறார்கள். உள்ளடக்கம் என்றால் ‘கன்டென்ட்’ என்று தமிழில் நிலைத்துவிட்ட பிறகு, படிப்பவர் காணொளியும் கட்டுரையும் தயாரிக்கும் திட்டம் என்றே நினைப்பார். ‘டிஜிட்டல் உள்ளிணைப்பு’ பரவாயில்லை. ‘எல்லோருக்கும் இணையம்’ என்று நேராகவே சொல்லலாம். ‘பின்தங்கிய பகுதி’யும் வேண்டாம். பின்தங்கியது சேவை, ஊர் அல்ல. பீட் திட்டத்தில் நொடிக்கு 25 மெகாபிட் இறக்கமும் 3 மெகாபிட் ஏற்றமும் இல்லாத இடம் ஒரு வகை, அது இருந்தும் 100-க்கு 20 இல்லாத இடம் இன்னொரு வகை. சேவை எட்டாத இடம், சேவை குறைந்த இடம் என்று பிரித்து எழுதினால் இரண்டும் தெளிவாகும்.

ஓர் இடத்தில் மட்டும் நல்கை என்று எழுதக்கூடாது. வெளிநாட்டு அமைப்பிடமிருந்து இந்தியத் தொண்டு நிறுவனத்துக்கு வரும் நல்கை, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் ‘வெளிநாட்டுப் பங்களிப்பு’. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடவும் முடியாது. ஆகவே வெளிநாட்டு நல்குநர் ‘ஊர்க்குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்’ என்று கேட்டால், கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும்.