வைரஸ் எந்த வழியாக உள்ளே போனது?

புது வைரஸ் ஒன்று "சுண்டெலிகளில் கடும் பாதிப்பை ஏற்படுத்தியது" என்று செய்தி வந்ததும், "டாக்டர், இதுக்கு நாம பயப்படணுமா?" என்று கேட்டுப் பலர் எனக்கு அதை அனுப்புகிறார்கள். கால்நடை நோயியலில் வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் முதலில் தேடுவது, அந்த வைரஸை விலங்குக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்ற வரியைத்தான். எத்தனை விலங்குகள் இறந்தன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சுண்டெலிக்கு மூச்சுத் தொற்றை உண்டாக்கப் பெரும்பாலும் மூக்கில் சொட்டு விடுவார்கள். விழித்திருக்கும் எலிக்குக் கொஞ்சமாக விட்டால் திரவம் மூக்கோடு நின்றுவிடும். மிச்சத்தை எலி தும்மிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். மயக்க மருந்து கொடுத்துக் கூடுதல் திரவம் விட்டாலோ அது மூச்சோடு சேர்ந்து நுரையீரலின் அடிவரை போய்விடும். வைரஸ் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு எலி வழக்கம்போல ஓடித் திரியும், இன்னொன்று ரோமம் சிலிர்த்து, எடை குறைந்து, மூலையில் சுருண்டு கிடக்கும். ஆய்வுச் சுருக்கத்தில் இரண்டுக்கும் 'மூக்கு வழி' என்றுதான் எழுதியிருக்கும். செய்முறைப் பகுதியைத் திறந்து பார்க்காமல் வித்தியாசம் தெரியாது.

இடம் மாறினால் ஏன் இந்த வித்தியாசம்? மூக்குக்குள் சுமார் 33 டிகிரி வெப்பம், நுரையீரலுக்குள் 37. மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் குளிர்ச்சியில் மட்டும் நன்றாகப் பெருகும்படி பழக்கப்பட்டது. மூக்கில் வளரும், நுரையீரலில் திணறும். செல்களின் மேல் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் இடத்துக்கு இடம் மாறும். பறவைக் காய்ச்சல் வைரஸ் விரும்பும் ஏற்பிகள் மனிதனின் மேல் மூச்சுப்பாதையில் குறைவு, நுரையீரலின் ஆழத்தில் அதிகம்.

இதையெல்லாம் ஏட்டளவில் தெரிந்து வைத்திருந்த எங்கள் துறையையே கறவை மாடுகள் திகைக்க வைத்தன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் பண்ணைகளில் மாடுகளுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்று உறுதியானது. மூச்சு வைரஸ்தானே, சளியும் இருமலும்தான் பெரிதாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் பால் மளமளவென்று குறைந்தது. கறந்த பால் சீம்பால் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக வந்தது. பிறகு சோதனைக்கூடத்தில் கன்று ஈனாத கிடாரிகளுக்கு மூச்சு வழியாக வைரஸைக் கொடுத்தபோது லேசான தொற்றோடு போயிற்று. கறவை மாடுகளின் மடிக்குள் நேராகச் செலுத்தியபோது கடுமையான மடிநோய் வந்தது. அந்த வைரஸுக்குப் பிடித்த ஏற்பிகள் மடியில் நிறைய உண்டு. இன்னொரு வழியும் அங்கே திறந்துகொண்டது: காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் நரம்புப் பாதிப்பு வந்து இறந்தன.

வழி மாறினால் நன்மையும் உண்டு. அடினோவைரஸ் என்ற வைரஸின் 4, 7 ஆகிய இரண்டு வகைகளும் ராணுவப் பயிற்சி முகாம்களில் காய்ச்சலையும் நிமோனியாவையும் கிளப்பிவிடுபவை. அமெரிக்க ராணுவம் 1971 முதல் அதே வைரஸ்களை, வீரியம் குறைக்காமல், வயிற்றில் கரையாத உறையிட்ட மாத்திரையாகவே வீரர்களுக்குக் கொடுத்தது. குடலில் பெருகிய வைரஸ் நோயை உண்டாக்காமல் எதிர்ப்பு சக்தியைக் கொடுத்தது. 1990களில் தயாரிப்பு நின்றதும் முகாம்களில் காய்ச்சல் திரும்பியது; 2011இல் மாத்திரையும் திரும்பியது.

அதனால் விலங்கு ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானியுங்கள். குரங்கின் மூச்சுக்குழாய்க்குள் நேரே செலுத்திய வைரஸ் தந்த பாதிப்பை, பக்கத்தில் ஒருவர் தும்மியதால் வரும் தொற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதற்காக "எலிக்குத்தானே" என்று தள்ளிவிடுவதும் தப்பு. வழி மாறினால் விளைவு மாறுவது மனிதனுக்கும் பொருந்தும்: நுண்துளியாக மூச்சில் இழுத்தால் ஃப்ளூ தொற்ற மிகக் குறைந்த அளவே போதும் என்று 1960களிலேயே மனிதத் தன்னார்வலர்களிடம் பார்த்திருக்கிறார்கள். மூக்குச் சொட்டாகக் கொடுத்தால் பல மடங்கு தேவைப்பட்டது.

மாடு வளர்ப்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். 2024இல் தொற்றிய அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்கு முக்கிய அறிகுறி கண் சிவந்ததுதான். எச்5என்1 சந்தேகம் உள்ள மாட்டைக் கறக்கும்போது முகக்கவசம் மட்டும் போதாது. கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். அந்தப் பாலைப் பச்சையாகக் கன்றுக்கோ பூனைக்கோ ஊற்றாதீர்கள்.