இஸ்கீமியா: சோகை அல்ல, வரத்துக் குறை

மயிலாப்பூரில் எங்கள் மாடிவீட்டு மாமாவுக்குச் சர்க்கரை. கால் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்க் கையேட்டில் 'காலில் தீவிர ரத்தசோகை' என்றிருந்தது. அன்றிலிருந்து மாமி முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுக்கிறார். இதே தவற்றை நான் பார்ப்பது மூன்றாம் முறை.

கையேடு 'ரத்தசோகை' என்று பெயர்த்த ஆங்கில மூலச்சொல் இஸ்கீமியா, அதாவது ஓர் உறுப்புக்குப் போதிய ரத்தம் வந்து சேராத நிலை. கிரேக்கத்தில் முற்பாதிக்குத் தடுத்து நிறுத்துதல் என்று பொருள். பிற்பாதி 'ஹைமா', ரத்தம். அவ்வளவுதான்.

அப்புறம் சோகை எங்கே வந்தது? பழைய ஆங்கில அகராதிகள் 'ஓரிடத்துச் சோகை' என்றும் பொருள் தந்தன. நம்மவர்கள் 'ஓரிடத்து' என்பதை விழுங்கிவிட்டார்கள் போல. சோகையில் ரத்தம் எங்கும் போகும், ஹீமோகுளோபின்தான் குறைவு. இஸ்கீமியாவில் ரத்தம் நன்றாக இருந்தாலும் காலுக்கு வந்து சேராது. ஏரி நிறைந்திருந்தும் தெருக்குழாயில் காற்று வருவதைச் சென்னைக்காரருக்கு விளக்கவா வேண்டும்?

'ரத்த அடைப்பு' என்பாரும் உண்டு. அடைப்பு காரணம், இஸ்கீமியா விளைவு. நாளம் முழுதும் அடைபடாமல் சுருங்கினாலே நடக்கையில் கெண்டைக்கால் வலிக்கும், அதுவும் இஸ்கீமியாதான். தனித்தமிழ் அன்பர்களின் 'குருதியூட்டக்குறை' பொருளில் சரி. ஆனால் 'ஊட்டம்' என்றதும் நோயாளிக்குச் சத்து டானிக் ஞாபகம் வரும். மறுபடி பேரீச்சம்பழம்!

என் ஓட்டு 'ரத்த வரத்துக் குறை'. செம்பரம்பாக்கத்துக்கு நீர்வரத்து குறைந்தது என்று தினமும் படிக்கிறோமே, அந்த வரத்து. வாய்க்காலிலும் கால் இருக்கிறது, பாருங்கள்.

வைத்தியத்தைச் சொல்லவும் இது கைகொடுக்கும். பலூன், ஸ்டென்ட், பைபாஸ் எல்லாமே வரத்தை மீட்பவை. இவை எதற்கும் வழியில்லாதவர்களுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதித்த லிம்ஃப்ளோ முறையில், கெண்டைக்கால் தமனியை (ரத்தம் கொண்டுவரும் நாளம்) பக்கத்துச் சிரையோடு (ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் நாளம்) இணைத்து, சிரையின் வால்வுகளைச் செயலிழக்கச் செய்து, ரத்தத்தை எதிர்த்திசையில் பாதத்துக்கு அனுப்புகிறார்கள். வடிகாலையே வரத்துக்காலாக்குவது! இதற்கு யாராவது 'ஆழ்சிரைத் தமனிமயமாக்கல்' என்று பெயர் வைப்பதற்குள் சொல்லிவைக்கிறேன். 2020இல் இந்தியா அனுமதித்த பெங்களூரு ஸ்டெம்பியூசெல் சிகிச்சை வேறு வகை: தானமாகப் பெற்ற எலும்புமஜ்ஜையிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களைக் கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போட்டு, புது நாளங்களை முளைக்கவைக்கப் பார்ப்பது. புது வாய்க்கால் வெட்டுவது என்பேன்.

மாமியிடம் 'வரத்துக் குறை' என்றேன். "அப்ப குழாயைத்தானே பாக்கணும்?" என்றார். கீரை ஆய்வதை மட்டும் நிறுத்தவில்லை.