அச்சொட்டாக இருந்தால் கடிக்கும்

"தம்பி, கொம்பியூட்டரிலை அளவெடுத்துக் கால் அடிச்சுக் குடுக்கிறியளாம். ஒரு நாளிலை கிடைக்குமோ?"

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது கூடிவிட்டார்கள். பேரப்பிள்ளையின் போனில் வீடியோ பார்த்துவிட்டு வரும் ஐயாமார், சலரோகத்தால் கால் எடுத்த அம்மாமார், முகமாலைப் பக்கம் மிதிவெடியில் கால் இழந்தவர்கள். செயற்கை உறுப்புப் பொருத்துகிறவன் என்ற முறையில் அந்த ஆர்வம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிளாஸ்ரிக்கைப் படை படையாக அடுக்கிப் பொருளாக்கும் முப்பரிமாண (3D) பிரிண்டரில் எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்று தெரிந்துகொண்டு வந்தால் உங்களுக்கு அலைச்சல் குறையும்.

பொய்க்காலில் பாதமும் குழாயும் ஆயத்தமாகவே கிடைக்கும். மிச்சக் கால் போய் உட்காரும் கிண்ணம் இருக்கிறதே, நாங்கள் சொக்கெட் என்று சொல்வது, அதைத்தான் ஆளுக்கு ஆள் செய்ய வேண்டும். வழக்கமான முறையில் பாரிஸ் சாந்துப் பட்டியை நனைத்துக் காலில் சுற்றி அச்செடுப்போம். அதற்குள் சாந்து ஊற்றி, வந்த உருவத்தை அராவித் திருத்தி, அதன்மேல் சூடாக்கிய பொலிப்புறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் தகட்டைப் போர்த்தி இழுப்போம். ஸ்கானர் வந்தபின் அச்செடுக்கும் வேலை சுருங்கிவிட்டது. ஒளிக்கோடுகளைக் காலில் பாய்ச்சிச் சுற்றிவர, சில நிமிடங்களில் உருவம் திரைக்கு வந்துவிடும். ஈரம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. சின்னப் பிள்ளைகள் அழுவதும் இல்லை.

சரி, அந்த உருவத்தை அப்படியே அச்சிட்டால் போதாதா? நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். வடமராட்சியில் வெங்காயம் செய்கிற ஒரு ஐயாவுக்கு, முழங்காலுக்குக் கீழே எடுத்த கால். ஸ்கான் செய்ததை அதிகம் திருத்தாமல் ஒரு பரீட்சைச் சொக்கெட் அச்சிட்டுப் போட்டுப் பார்த்தோம். உள்ளே போனது, இடைவெளியே இல்லை. எழும்பி நாலு அடி வைத்தார். "அளவு சரி தம்பி, ஆனால் கடிக்குது" என்றார். கழற்றிப் பார்த்தால், முன் எலும்பின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு.

பிழை என்னுடையது. காலைத் தூக்கி வைத்திருக்கும்போது ஸ்கானர் எடுப்பது தொங்கும் காலின் உருவத்தை. அவரோ முழுப் பாரத்தையும் அதில் ஏற்றி நடக்கப் போகிறவர். முழங்கால் சிரட்டைக்குக் கீழே இருக்கும் தடித்த தசைநார் பாரம் தாங்கும், அங்கே சொக்கெட் அழுத்த வேண்டும். முன் எலும்பின் விளிம்பும், வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையும், வெட்டிய நுனியும் தாங்காது, அங்கே இடம் விட வேண்டும். சிற்றெலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பும் ஓடுகிறது. சாந்து சுற்றும்போது இதையெல்லாம் என் பெருவிரல்கள் தாமாகவே செய்துவிடும். திரையில் செய்யும்போது எந்த இடத்தை எத்தனை மில்லிமீற்றர் உள்ளே தள்ளுவது என்பதை நான்தான் முடிவெடுக்க வேண்டும். காலை அமத்திப் பார்க்காமல், ஸ்கான் கோப்பை மட்டும் அனுப்பினால் கால் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது விசயம் வெயில். அச்சில் அதிகம் பாவிக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். பூட்டிய வாகனத்துக்குள் பங்குனி, சித்திரை வெயில் அந்த அளவை எட்டிவிடக் கூடும். போதாததற்கு, அச்சிட்ட பொருள் படை படையாக அடுக்கிய ஒன்று, விரிசல் விட்டால் படைகளுக்கு இடையில்தான் விடும். வீதியைக் கடக்கும்போது கால் முறிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலுக்குரிய பொருட்களின் உறுதியைச் சோதிக்க ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. சாதாரண மேசை பிரிண்டரில் அடித்த சொக்கெட்டை அந்தச் சோதனை இல்லாமல் வயலுக்குப் போட்டுக்கொண்டு போக நான் விடமாட்டேன். பரீட்சைச் சொக்கெட்டை மட்டும் அச்சிட்டு, பிடிகம்பிகளுக்கு இடையில் நடக்கவிட்டு, கடிக்கிற இடத்தைத் திருத்தி, கடைசிச் சொக்கெட்டைப் பொலிப்புறொப்பிலீனில் இழுக்கிறேன். அந்த வெங்காயக்கார ஐயா இப்போது போட்டிருப்பதும் அப்படிச் செய்ததுதான்.

பாதத்தையும் அச்சிட்டுத் தரச் சொல்லி நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கேட்பார்கள். வெறுங்காலோடு கோயில் மணலில் நடக்க 'ஜெய்ப்பூர் கால்' என்ற பழைய றப்பர் பாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தியும் அதை உருவாக்கியதே, சப்பாத்துப் போடாமல் நடக்கிற, நிலத்தில் குந்துகிற மக்களுக்காகத்தான்.

கை வேறு கதை. 2011இல் தென்னாபிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் விரல்களை இழந்தார். அவரும் அமெரிக்கரான ஐவன் ஓவனும் சேர்ந்து செய்த கையின் வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். அதிலிருந்துதான் இன்று பிள்ளைகளுக்கு அச்சிடும் கைகள் கிளைத்தன. பாரம் குறைவு, செலவும் குறைவு, பிள்ளை வளர வளரப் புதிதாக அடிக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மணிக்கட்டை மடக்கினால் விரல் மூடுகிற அமைப்பு. மணிக்கட்டும் உள்ளங்கையில் கொஞ்சமும் இருந்தால்தான் வேலை செய்யும். முழங்கைக்கு மேலேயே கை போன மகனைக் கூட்டிக்கொண்டு, அந்த வீடியோவைக் காட்டி, "இதுதான் வேணும்" என்று நிற்கும் தாய்க்கு அதைச் சொல்வது இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கடினமான வேலை. அந்தப் பிள்ளைக்கும் கை உண்டு, அது வேறு வகை.

ஸ்கானர் மெய்யாகவே மனதை நிறைத்தது ஒரு காதில். ஷெல் துண்டு பட்டு ஒரு பக்கக் காது போன பெண். எப்போதும் தலைமயிரால் மூடிக்கொண்டே கதைப்பார். நல்ல காதை ஸ்கான் செய்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் புரட்டினேன். தலைமயிரையும் காதின் பின்மடிப்பையும் ஸ்கானர் சரியாகப் பிடிக்காததால் அந்த இடங்களைக் கையால் நிரப்ப வேண்டி வந்தது. அச்சிட்டது காதை அல்ல, காதுக்குரிய வார்ப்பை. அதற்குள் மருத்துவச் சிலிக்கன் ஊற்றினோம். நிறத்தை மின்விளக்கில் பார்க்காமல், விறாந்தையில் பகல் வெளிச்சத்தில், அவருடைய கழுத்துத் தோலுக்குப் பக்கத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். மடலின் ஓரத்துக்குக் கொஞ்சம் சிவப்புக் கூட. ஒட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தபோது, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் செருகிப் பார்த்தார். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தார். சிலிக்கன் ஒன்றிரண்டு வருடத்தில் நிறம் மங்கும், ஆனால் கோப்பும் வார்ப்பும் இருப்பதால் அடுத்ததை ஊற்றுவது சுலபம்.

கால் எடுத்துச் சில கிழமைதான் ஆனவர்களுக்கு: அவசரப்பட வேண்டாம். வீக்கம் வற்றி மிச்சக் கால் பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே போகும், அதனால் முதல் சொக்கெட்டை மாற்ற வேண்டித்தான் வரும். சொல்லித்தந்தபடி பட்டி சுற்றுங்கள். சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்காதீர்கள். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்த இயந்திரத்தாலும் அதை நிமிர்த்த முடியாது. சலரோகக்காரர்கள் இரவில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து நுனியைப் பாருங்கள். காலைக் கழற்றி 10–15 நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு மாறாவிட்டால், வலி இல்லையென்றாலும் அடுத்த நாளே வந்து காட்டுங்கள்.

வரும்போது, உடைந்ததென்றாலும் பழைய காலையும் கொண்டு வாருங்கள். உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்த பிறகுதான் நான் ஸ்கானரைக் கையில் எடுப்பேன்.