இஷ்ட தெய்வம்: நெல்லைப் பேச்சில் இருக்கும் தமிழ்ச்சொல்

'உன் இஷ்டம்' என்றால் எப்படியும் செய்துகொள் என்று பொருள். 'இஷ்டத்துக்குப் பேசுதான்' என்றால் வரம்பில்லாமல் பேசுகிறான். இந்தப் பழக்கத்தில் 'இஷ்ட தெய்வம்' என்று கேட்பவர், தோன்றினால் கும்பிட்டுத் தோன்றாவிட்டால் விட்டுவிடும் சாமி என்று எண்ணிக்கொள்கிறார். சொல்லின் பிறப்பு வேறு கதை சொல்கிறது.

வடமொழியில் இஷ் என்ற வினையடிக்கு விரும்பு, நாடு என்று பொருள். அதிலிருந்து வந்த இஷ்ட என்பது 'விரும்பப்பட்டது'. அதே ஒலியில் இன்னொரு இஷ்ட உண்டு. அது யஜ் என்ற அடியில் பிறந்தது. 'வேள்வியால் வழிபடப்பட்டது' என்று பொருள். வேள்விக்கு இஷ்டி என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான். இஷ்ட தேவதை என்ற தொடரை முதல் அடியோடு சேர்த்தே விளக்குவார்கள். ஆனாலும் இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும். பதஞ்சலியின் யோக சூத்திரம் (2ஆம் பாதம், 44) ஸ்வாத்யாயத்தால் இஷ்ட தேவதையோடு சேர்க்கை கிட்டும் என்கிறது. ஸ்வாத்யாயம் என்பது விடாமல் ஓதிவரும் பயிற்சி. மனம் போன போக்குக்கு அங்கே இடமில்லை.

தமிழாக்கம் செய்யப் புகுந்தவர்கள் பெரும்பாலும் 'விருப்பத் தெய்வம்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் இஷ்டத்தில் இருந்த குழப்பம் அப்படியே கூட வந்துவிடுகிறது. வடமொழி ஷகரம் சொல்லின் நடுவில் டகரமாகும் என்ற மரபுப்படி (கஷ்டம் கட்டம், நஷ்டம் நட்டம்) 'இட்ட தெய்வம்' என்றும் எழுதலாம். வீரசைவர் உடலில் அணியும் இட்டலிங்கம் அப்படி வந்த சொல்தான். ஆனால் தனித்து நிற்கையில் 'இட்ட' என்றதும் 'இட்ட கட்டளை'தான் நினைவுக்கு வரும். 'உகந்த தெய்வம்' கேட்க இனிமையானது. ஆனால் 'சாமிக்கு உகந்த மலர்' என்று பேசிப் பழகியதால் திசை மாறிவிடுகிறது; யாருக்கு எது உகந்தது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தேட வேண்டியதே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் புறநிலை வாழ்த்துக்கு இலக்கணம் சொல்லும் நூற்பா 'வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப' என்று தொடங்குகிறது. நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்க, பழியில்லாத செல்வத்தோடு வழிவழியாகச் சிறந்து வாழ்க என்பது வாழ்த்து. இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று. வாழ்த்துகிறவன் தன் சாமியை இழுக்கவில்லை. எந்தச் சாமிக்கும் பெயர் சொல்லவில்லை. கேட்பவன் எதை வழிபடுகிறானோ அது அவனைக் காக்கட்டும் என்கிறான். இஷ்ட தெய்வம் என்ற கருத்து முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. இரண்டாவது இஷ்டத்தின் 'வழிபடப்பட்டது' என்ற பொருளும் இதில் வந்துவிடுகிறது.

'வழிபடு தெய்வம்' வினைத்தொகை. வழிபட்ட, வழிபடுகின்ற, வழிபடும் என்று முக்காலத்துக்கும் விரியும். இன்றைக்குப் பிடித்து நாளைக்கு விடுவது இந்த இலக்கணத்துக்குள் பொருந்தாது. நெல்லைச் சீமையில் எழுத்தறியாத ஆச்சியும் இதையே சொல்லுவாள்: 'நான் கும்பிடுத சாமி.' சொல்லமைப்பு கிட்டத்தட்ட அதேதான். வழிபடு என்ற இடத்தில் கும்பிடுத, தெய்வம் என்ற இடத்தில் சாமி. நிகண்டிலும் அகராதியிலும் தேடுவதற்கு முன் நாம் காதைத் தீட்டியிருக்கலாம்.

இந்தச் சொல் எங்கே முடிந்து குலதெய்வம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் நெல்லைக்காரர்களுக்குக் குழப்பமில்லை. குலதெய்வம் பிறப்பால் வருவது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போவது அந்தக் கணக்கில்தான். சுடலைமாடனோ இசக்கியோ பேச்சியோ, கோயில் வரி கொடுத்துக் கொடை விழாவில் பங்கெடுப்பது கடமை. வெளியூரில் குடியேறியவர்கள் அங்கே அந்தச் சாமிக்குக் கோயில் எடுக்க விரும்பினால் தாய்க்கோயிலில் பிடிமண் எடுக்க வேண்டும். பழைய பீடத்தடியில் ஒரு கைப்பிடி மண், துணியில் முடிந்து கொண்டுவந்து, புதிய பீடத்தின் அடியில் இட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி எழுப்புவார்கள். பிடிமண் வந்த பின் தாய்க்கோயிலுக்குப் போவதை நிறுத்தினால், இரண்டு தலைமுறையில் மண் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துவிடும். அப்புறம் குறி கேட்டுக் குலதெய்வத்தைத் தேடி அலைவார்கள்.

கும்பிடுத சாமிக்குப் பிடிமண்ணும் வேண்டாம், வரியும் வேண்டாம். வாக்கப்பட்ட பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் குலதெய்வமே குலதெய்வமாகிவிடும். அவள் கும்பிடுத சாமி மாறுவதில்லை. உபாசனா தெய்வம் என்பதும் வேறு. அதற்குக் குரு, மந்திரம், நியமம் என்று ஒரு முறை உண்டு. மூன்றையும் ஒன்றாக்கி எழுதுவதுதான் இப்போது அதிகம் காணும் பிழை.

கும்பிடுத சாமி மதத்தின் வேலியையும் பார்ப்பதில்லை. பொட்டல்புதூர் பள்ளிவாசலிலும் உவரி அந்தோணியார் கோயிலிலும் நேர்ச்சை செலுத்த வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அதே உவரியில் சுயம்புலிங்க சாமியும் இருக்கிறார். நேர்ச்சை செலுத்துகிறவர் மதம் மாறியவர் அல்ல. அவர் வீட்டுக் கொடையும் தவறுவதில்லை. இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற கவலை பட்டியல் போடுகிறவருக்கு உரியது.

ஆழ்வார்திருநகரியின் நம்மாழ்வார் திருவாய்மொழியில் (1.1.5) 'அவரவர் தமதமது அறிவறி வகைவகை, அவரவர் இறையவர் என அடி அடைவர்கள்' என்கிறார். அவரவர் அறிவுக்கு எட்டிய வகையில், தம் இறைவர் என்று கொண்டு அடியடைவர். அந்த இறைவரும் குறைவுடையவர் அல்லர் என்று அடுத்த அடி தொடர்கிறது. அவரவர் வழியில் அடையும்படி உள்ளே நின்றவன் திருமாலே என்பது வைணவ உரைமரபு. அந்த உரையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், 'அவரவர் இறையவர்' என்பது வழிபடு தெய்வத்துக்கு நம் மண்ணிலேயே பிறந்த இன்னொரு பெயர்.

உருவம் வேண்டாதவர்க்கும் இச்சொல் பொருந்தும். அய்யாவழிக்காரர்கள் வழிபடும் இடமான நிழல்தாங்கலில் சிலை கிடையாது. தலைப்பாகை கட்டியவர் கண்ணாடி முன் நின்று கும்பிடுகிறார். கண்ணாடியில் தெரிவது அவர் முகமும் விளக்கின் சுடரும். 'மேல ஒருத்தன் இருக்கான்லா' என்பதோடு நிறுத்திக்கொண்டு எந்தக் கோயிலுக்கும் போகாதவருக்கு அந்த ஒருத்தனே வழிபடு தெய்வம். விருப்பத் தெய்வம் என்றால் பல உருவங்களில் ஒன்றைத் தேர்ந்த பொருள்தான் வரும். இவரை அது வெளியே நிறுத்திவிடும்.

எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'வழிபடுத் தெய்வம்' பிழை. 'வழிபாட்டுத் தெய்வம்' பிழையில்லை, ஆனால் வழிபாட்டுக்குரிய எந்தத் தெய்வத்தையும் குறிக்கும் பொதுச்சொல் அது. ஒருவருக்கே உரிய நெருக்கம் அதில் இல்லை. தெய்வம் என்ற சொல்லே வடமொழியின் தைவமா, தமிழா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல்லை மாற்றப் புகுவது வீண் வேலை. கல்யாணப் பத்திரிகையின் மேல்வரியில் குலதெய்வத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் போட விரும்புகிறவர், 'இஷ்ட தெய்வம் துணை' என்ற இடத்தில் 'வழிபடு தெய்வம் துணை' என்று தயங்காமல் அச்சடிக்கலாம். பெயரே போட விரும்பாதவருக்கு அந்த மூன்று சொல்லே போதும்.