வேலையின் பெயரை விடுங்கள், முடிவு யாருடையது?

"பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங்கில்தான் இருக்கிறான். எப்போது டெவலப்மென்ட்டுக்கு மாற்றுவார்கள்?" கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலையிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. மேனேஜர் உச்சியில், கோடு (கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதுபவர் அடுத்து, மற்றவர்களெல்லாம் அதற்குக் கீழே. சம்பளத்தில் ஏற்ற இறக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் சொந்தமாக ஆப், சாஃப்ட்வேர் உருவாக்கும் பிராடக்ட் டீம்களில் வேலை பார்த்த வரையில் எனக்குத் தெரிந்து, ஒரு வேலையைப் புரிந்துகொள்ள இந்த வரிசை உதவாது. எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பஸ் டிக்கெட் எடுக்கும் ஆப். நான்கு பேருக்குச் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் ஒருவரால் வர முடியவில்லை, அவருடைய சீட்டை மட்டும் ரத்து செய்ய வேண்டும். பயணியின் கண்ணுக்குத் தெரியப்போவது ஒரே ஒரு பட்டன்.

இப்படியொரு தேவை இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் சப்போர்ட்டில் போன் எடுப்பவர். திட்டு வாங்குவதும் அவர்தான். அப்புறம் டேட்டா அனலிஸ்ட் கணக்குப் பார்ப்பார். முழு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் அதே பஸ்ஸில் மூன்று சீட் மட்டும் திரும்ப எடுத்தவர்கள் எத்தனை பேர்? யாரும் புகார் செய்யாத கஷ்டம்கூட இந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

இதை இப்போது செய்வதா, இதற்காக வேறு எதைத் தள்ளிப்போடுவது, முதல் வெளியீட்டில் எதைச் சேர்க்காமல் விடுவது என்று தீர்மானிப்பவர் பிராடக்ட் மேனேஜர். பெயரில் மேனேஜர் இருந்தாலும் டெவலப்பரோ டிசைனரோ பொதுவாக அவருக்குக் கீழே வேலை செய்வதில்லை. காரணம் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் வேண்டும். 1931-இல் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் என்பவர், ஒவ்வொரு பிராண்டுக்கும் அதை மட்டுமே கவனிக்கும் ஆட்கள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். இந்தப் பதவியின் வேரை அங்கிருந்துதான் சொல்வார்கள். சோப்பு விற்கும் இடத்தில் பிறந்த யோசனை சாஃப்ட்வேருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எழுதியவர் பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார் என்பது தனிக்கதை.

புராஜெக்ட் மேனேஜர் வேறு ஆள். என்ன செய்வது என்று முடிவான பிறகு, எந்தத் தேதிக்குள், யாரை வைத்து, எது முடிந்தால் எது தொடங்கும் என்பது அவர் பாடு. இரண்டையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பிப்பவர்களை நேர்காணலில் அடிக்கடி பார்க்கிறேன்.

டிசைனர் என்றால் கலர் போடுபவர் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. நம் பட்டனையே பாருங்கள். "டிக்கெட்டை ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே 'கேன்சல்', 'ஓகே' என்று இரண்டு பட்டன் வைத்தால் பயணி எதை அழுத்துவார்? கேன்சல் ஆவது டிக்கெட்டா, இந்தக் கேள்வியா? எவ்வளவு பணம் திரும்பி வரும் என்பதை அழுத்துவதற்கு முன்பே காட்ட வேண்டுமா, பிறகா? இவையெல்லாம் டிசைனர் எடுக்கும் முடிவுகள். நிறம் கடைசியில்தான் வரும்.

மொபைல் டெவலப்பர் அந்தத் திரையைப் போனில் கொண்டுவருவார். அதன் பின்னால், சர்வரில் ஓடும் கணக்குகளை எழுதும் பேக்எண்ட் டெவலப்பருக்கு வேறு தலைவலி. மூன்று பேர் டிக்கெட்டுக்கு 100 ரூபாய் கூப்பன் போட்டிருந்தால் ஆளுக்கு 33 ரூபாய் 33 காசு, மிச்சம் ஒரு காசு யார் கணக்கில்? ஒருவரை நீக்கியதும் மொத்தத் தொகை கூப்பனுக்கான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால், தள்ளுபடியைத் திரும்பப் பிடிப்பதா? இதை அவரே மனதுக்குப் பட்டபடி கோடில் எழுதிவிடக் கூடாது. பிராடக்ட் மேனேஜரிடமும் கணக்குப் பிரிவிடமும் கேட்க வேண்டும். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பவரே நல்ல டெவலப்பர்.

சரி, டெஸ்டிங். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அந்த வேலையில் சிறு பகுதிதான். ரத்து அழுத்திய நொடியில் நெட் போனால்? அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை போகுமா? புறப்படுவதற்கு 12 மணி நேரம் முன்புவரை ஒரு கட்டணம், பிறகு வேறு கட்டணம் என்றால், சரியாக அந்த எல்லையில் அழுத்தினால் எது? கணவன் ஒரு போனிலும் மனைவி ஒரு போனிலும் ஒரே நேரத்தில் ரத்து செய்தால்? இவை பழகிய டெஸ்டர் எவரும் கேட்பவை. கெட்டிக்கார டெஸ்டர் இன்னொன்றும் கேட்பார். "அப்பா, அம்மா சீட்டுகளை ரத்து செய்துவிட்டால் ஆறு வயதுக் குழந்தை மட்டும் டிக்கெட்டில் மிஞ்சுமே, அதை விடலாமா?" தேவையை எழுதியவர், வரைந்தவர், கோடு எழுதியவர் யாருமே யோசிக்காத கேள்வி அது. இப்படி யோசிப்பவரைப் பார்த்துத்தான் "டெஸ்டிங்தானே" என்கிறோம்.

சிறு குழுவாகச் சேர்ந்து, வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்கு அடிப்படையான வழிகாட்டியின் 2020 பதிப்பைப் பாருங்கள். அதில் எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்று மூன்றே பொறுப்புகள். பிராடக்டின் எந்தப் பகுதியை உருவாக்கினாலும் அவர் டெவலப்பர்தான், டெஸ்டரும் அதில் அடக்கம். ஆஃபர் லெட்டர் அச்சிடுபவர்கள் மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் டிக்கெட் எடுக்கும்போது சர்வர் தாங்குமா என்பதைப் பார்ப்பவர்கள் டெவ்ஆப்ஸ், எஸ்.ஆர்.ஈ. (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) ஆட்கள், அதாவது சாஃப்ட்வேரை வெளியிட்டு, அது தடையின்றி ஓடும்படி பார்த்துக்கொள்பவர்கள். எஸ்.ஆர்.ஈ. என்ற வேலை 2003-இல் கூகுளில் தொடங்கியது. புதிய பட்டனை முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்துவிட்டு, தப்பு தெரிந்தால் உடனே மூடும் வசதியை வைத்திருப்பதும் அவர்கள் உதவியோடு நடப்பதுதான். இரவு போன் வரும் வேலை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறருக்காக சாஃப்ட்வேர் செய்துதரும் சர்வீஸ் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட் என்பவர் வெளிநாட்டு கிளையன்ட்டின் தேவையைக் கேட்டு எழுதுபவராக இருப்பார். பிராடக்ட் கம்பெனியில் அதே பெயரில், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். எழுதிக்கொண்டிருப்பார். பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் ஒரே ஆள் இவற்றில் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பார்.

"சில மாதப் பயிற்சி, நேராக பிராடக்ட் மேனேஜர்" என்ற விளம்பரங்களில் மட்டும் நிதானம் தேவை. புதியவர்களை எடுத்துப் பழக்கும் திட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கூகுள் 2002-லேயே அப்படியொன்றைத் தொடங்கியது. ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு. நான் பார்த்தவர்களில் பலர் சப்போர்ட், டெஸ்டிங், டெவலப்மென்ட் என்று எங்காவது சில வருடம் இருந்து, பயனர்களின் தொல்லையை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். இந்த வேலையில் நான் யாரையும் கேட்காமல் எதை முடிவு செய்யலாம்? "இப்போது வெளியிட வேண்டாம்" என்று டெஸ்டர் சொன்னால் ரிலீஸ் நிற்குமா? ராத்திரியில் கோளாறு வந்தால் யாருக்கு போன் போகும்? இவற்றைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், இந்த இடத்தில் இதற்கு முன் இருந்தவர் நேற்று காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்திருப்பார் என்று கேளுங்கள்.