தளம் காய்ந்துவிட்டதா? தொட்டுப் பார்த்தால் தெரியாது

மரத்தளமோ வினைலோ ஒட்ட அழைப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சிமெண்ட் தளம் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, நன்றாகக் காய்ந்துவிட்டது." மேலே வெளுத்துத்தான் இருக்கும். உளியால் அடிவரை கொத்திப் பார்த்தால் கலவை கருத்து, கையில் சில்லென்று ஒட்டும்.

இறுகுவது வேறு, காய்வது வேறு. சிமெண்ட் இறுகத் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்குத் தண்ணீரைத்தான் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பரப்பி மட்டம் பார்க்க வசதியாகக் கொத்தனார் ஊற்றுவது அதைவிட மிக அதிகம். எஞ்சிய நீர் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாக வேண்டும். அதுவும் தண்ணீர் கட்டி ஆற்றுவதை நிறுத்திய பிறகுதான். 50 மி.மீ. கனம் வரை நாளுக்கு 1 மி.மீ., அதற்கு மேல் அரை மி.மீ. என்பது பிரிட்டனின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 75 மி.மீ. தளத்துக்கு மூன்று மாதம் போதாது. காற்றே ஈரமாகக் கிடக்கும் சென்னையின் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும்.

மேலே வைத்துப் பார்க்கும் மின் கருவி ஈரமான இடத்தைத் தேட உதவும், அவ்வளவே. உள்ளே கம்பி வலையோ உப்போ இருந்தால் தவறான எண்ணைக் காட்டும். பாலித்தீன் தாளை ஒட்டிவைத்து அடியில் நீர்த்துளி படிகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்: படிந்தால் ஈரம் உறுதி, படியாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

நான் நம்புவது கார்பைடு சோதனையை. மாம்பழம் பழுக்கவைக்கத் தடை செய்யப்பட்ட அதே கால்சியம் கார்பைடுதான். தளத்தின் அடிப்பகுதியிலிருந்து எடுத்த கலவையைப் பொடித்து, 50 கிராம் நிறுத்து, எஃகுக் குண்டுகளோடும் கார்பைடு குப்பியோடும் எஃகுப் புட்டியில் இட்டு மூடிக் குலுக்க வேண்டும். குப்பி உடைந்து, கார்பைடு ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு எழும். அதன் அழுத்தத்திலிருந்து ஈரம் தெரியும். சிமெண்ட் தளத்துக்கு ஜெர்மனியில் வழக்கமான வரம்பு 2 சதவீதம். வாயு தீப்பற்றும் என்பதால் புட்டியை வெட்டவெளியில்தான் திறக்க வேண்டும். அருகில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

தரைத்தளத்தில் இன்னொரு சிக்கல். அடியில் ஈரத்தடுப்புத் தாள் இல்லையென்றால் மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை மாதம் காத்திருந்தாலும் எண் இறங்காது. அங்கே முதலில் எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு, பிறகுதான் பசை. ஒப்பந்ததாரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அளந்த தேதியையும் இடத்தையும் எண்ணையும் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்த பிறகே பசை டப்பாவைத் திறக்கிறேன்.