எழுப்புதல்: எழுப்புவது யார்?

சபைச் சுவரொட்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'எழுப்புதல்'. எழுப்புதல் கூட்டம், எழுப்புதல் பெருவிழா, எழுப்புதல் ஜெபம். ஆங்கில 'ரிவைவல்'தான் தமிழில் இப்படி ஆகியிருக்கிறது. சரியான மொழிபெயர்ப்புதானா?

'ரிவைவல்' லத்தீன் வழி வந்த சொல். 'ரெ' என்றால் மறுபடி, 'வீவெரே' என்றால் உயிர்வாழ்தல். மறுபடி உயிர் பெறுவதுதான் அடிப்படைப் பொருள். 17-ஆம் நூற்றாண்டில் பழைய நாடகத்தைத் திரும்ப மேடையேற்றுவதையும் இப்படிச் சொன்னார்கள். பக்தி தணிந்த சபை மறுபடி அனல்கொள்வது என்ற சமயப் பொருள் ஏறியது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழ் வேதாகமம் இந்தப் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. சங்கீதம் 85:6-இல் 'எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ', ஆபகூக் 3:2-இல் 'உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்'. இரண்டு இடத்திலும் உயிர்ப்பிப்பவர் கடவுள். மனிதர் கேட்கத்தான் செய்கிறார்.

'எழுப்புதல்' அப்படி இல்லை. எழு தன்வினை, எழுப்பு பிறவினை. அலை தானாக எழும். சுவரை யாராவது எழுப்பவேண்டும். ஆனால் எழுப்புவது யார் என்பதை இந்தத் தொழிற்பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது. (கோயிலில் பெருமாளை எழுப்பத்தான் பாடுகிறார்கள், ஆனாலும் அதன் பெயர் திருப்பள்ளியெழுச்சி. 'எழுப்புதல்' என்று வைக்க முன்னோருக்கு நாக்கு வரவில்லை போலும்.)

சொல்லாமல் விட்ட அந்த எழுவாயை வைத்துத்தான் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பெரிய சண்டை நடந்தது. நடுவில் நின்றவர் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார்.

1792-இல் கனெக்டிகட்டில் பிறந்து நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தவர். ஆடம்ஸ் என்ற ஊரில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். 1821 அக்டோபரில் ஊருக்கு வெளியே காட்டுக்குள் போய் ஜெபித்து மனந்திரும்பினார். மறுநாள் காலை, அன்றைக்கு விசாரணைக்கு வரவிருந்த தன் வழக்கைப் பற்றிப் பேச ஒரு கட்சிக்காரர் வந்தார். கர்த்தராகிய இயேசுவின் வழக்கை நடத்த முன்பணம் வாங்கிவிட்டேன், உங்கள் வழக்கை இனி நடத்த முடியாது என்று அவரை அனுப்பிவிட்டாராம். அந்த வக்கீல் புத்தி கடைசிவரை போகவில்லை. பிரசங்கத்தில் வாதாடுவார், கேட்பவரிடம் அங்கேயே தீர்ப்புக் கேட்பார். முடிவெடுக்கத் தவிப்பவர்கள் முன்னால் வந்து உட்காரத் தனி பெஞ்சு போட்டார். கூட்டத்தை நாள்கணக்கில் நீட்டினார். ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் வாய்விட்டு ஜெபிக்க இடம் கொடுத்தார். 1830-31-இல் ராச்சஸ்டர் நகரில் நடந்த கூட்டங்கள் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின.

அதற்கு நூறு ஆண்டு முன்னால் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் இதே போன்ற அலையைக் கண்ட போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அதைக் கடவுளின் வியக்கத்தக்க செயல் என்று எழுதிவைத்தார். தானாக வந்தது, நாங்கள் வியந்தோம் என்பது அவர் பார்வை. ஃபின்னியோ 1835-இல் வெளியான சொற்பொழிவுகளில், இது அற்புதம் அல்ல, உரிய வழிமுறைகளைச் சரியாகக் கையாண்டால் கிடைக்கும் பலன் என்றார். கோதுமை விதைத்து அறுப்பதை உவமை காட்டினார். கடவுளின் ஆசீர்வாதம் இல்லாமல் விளையாதுதான், ஆனால் வயலுக்கும் அப்படித்தானே என்பது அவர் வாதம். இந்தப் பாதியை அவருடைய எதிரிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் தகராறு வழிமுறையோடு நிற்கவில்லை. ஆதாமின் குற்றம் பிறப்பிலேயே நம்மேல் வருகிறது என்பதை ஃபின்னி ஏற்கவில்லை; பாவம் என்பது அவரவர் மனமறிந்து செய்வது என்றார். சிலுவையில் கிறிஸ்து நம் கடனை அப்படியே அடைத்தார் என்பதையும் ஒப்பவில்லை. கடவுளின் நீதியாட்சி குலையாமல் மன்னிப்புக்கு வழி திறந்தது என்பதே அவர் விளக்கம். பிரின்ஸ்டனின் இறையியல் பேராசிரியர் சார்லஸ் ஹாட்ஜ் இதையெல்லாம் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் பிரசங்க உரிமம் பெற்ற நாளில், அதன் கொள்கை ஏடான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையைத் தான் சரியாகப் படித்திருக்கவில்லை என்று ஃபின்னியே பின்னாளில் எழுதியிருக்கிறார். வக்கீல் இப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1835-இல் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார், அடுத்த ஆண்டு அந்தச் சபையிலிருந்தும் விலகினார். பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி ஓபர்லின். அதன் தலைவராகவும் இருந்து, 1875-இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய பேர்போன பிரசங்கம் ஒன்று எசேக்கியேல் 18:31-ஐ எடுத்துக்கொள்கிறது: 'உங்களுக்குப் புது இருதயத்தையும் புது ஆவியையும் உண்டுபண்ணிக்கொள்ளுங்கள்'. அதே எசேக்கியேல் 36:26-இல் நவமான இருதயத்தைக் கொடுப்பேன் என்கிறார் கடவுள். உண்டுபண்ணிக்கொள்வதா, கொடுக்கப்படுவதா? இரண்டு தரப்புக்கும் வசனம் இருந்தது.

இனி தமிழ்ச்சொல். ஃபின்னி நடத்தியதற்கு 'எழுப்புதல்' கச்சிதமான பெயர். நாளும் நேரமும் குறித்து, பெஞ்சு போட்டு நடத்துவதை வேறெப்படிச் சொல்வது? எட்வர்ட்ஸ் கண்டதற்கு அது பொருந்தாது. 'எழுச்சி' என்றால் கலகமும் போராட்டமும் நினைவுக்கு வருகின்றன. 'மறுமலர்ச்சி'யை ஐரோப்பிய வரலாறு எடுத்துக்கொண்டது. வெறும் 'உயிர்ப்பு' என்றால் கத்தோலிக்கருக்கு அது ஈஸ்டர். 'புத்துயிர்ப்பு' என்றால் குழப்பமில்லை. சங்கீதச் சொல்லும் லத்தீன் வேரும் அதில் சேர்ந்தே வருகின்றன. பொதுவாக 'ரிவைவல்' என்று வரும் இடத்தில் நான் அதைத்தான் எழுதுகிறேன். ஃபின்னியை மொழிபெயர்க்கும்போது மட்டும் 'எழுப்புதல்' என்றே விட்டுவிடுகிறேன்.